அத்துமீறல்: ஒரு சொல்லும் ஒரு பொறுப்பும்

1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானுக்கும் காரன்வாலிசுக்கும் இடையே ஏற்பட்ட உடன்படிக்கையின்படி பாராமகால், திண்டுக்கல் முதலிய பகுதிகள் கம்பெனியின் கைக்கு வந்தன. பாராமகாலில் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாயிருந்த தாமஸ் மன்றோவும் நிலங்களை அளந்து தீர்வை விதித்தனர். மைசூர் அரசிலும் கம்பெனி ஆட்சியிலும் வருவாய்த்துறை மொழி அரபு, பாரசீகச் சொற்களால் நிறைந்திருந்தது. எல்லையைக் குறிக்கும் 'ஹத்' என்னும் அரபுச் சொல் அவற்றுள் ஒன்று.

கன்னடத்தில் இது 'ஹத்து' என வழங்குகிறது; தகர இரட்டை அங்கே ஒலிப்புடையது. கருநாடக நில அளவைத் துறையில் 'ஹத்துபஸ்து' என்பது இன்றும் எல்லை நிர்ணயத்தைக் குறிக்கிறது. (பருந்தைக் குறிக்கும் கன்னடச் சொல்லும் இதே வடிவினது, இரண்டிற்கும் தொடர்பில்லை.) தமிழில் மொழிமுதல் ஹகரம் கெட்டது, ஹூக்கா உக்கா ஆனதும் ஹவில்தார் அவல்தார் ஆனதும் போன்ற மாற்றமே இது. தமிழில் இரட்டித்த வல்லினம் ஒலிப்பின்றியே ஒலிக்குமாதலின் 'அத்து' என்னும் வடிவம் அமைந்தது. அத்துச் சாரியையை அறிந்தவர் கண்ணுக்கு இது தமிழ்ச்சொல் போலவே தோன்றும். 'அத்துமீறல்' என்பதில் முற்பாதி அரபு என்பதைப் பலரும் உணராமைக்கு இதுவே காரணம் எனலாம்.

தமிழில் எல்லைக்குச் சொற்பஞ்சம் இருந்ததில்லை. எல்லை, வரம்பு ஆகியன பழஞ்சொற்கள். சோழர் செப்பேடுகள் கொடைநிலத்தின் நான்கெல்லைகளையும் விரித்துரைப்பவை. பிடியானையை நடத்தி எல்லை வகுத்ததையும் கல்லும் கள்ளியும் நாட்டியதையும் அவை குறிக்கின்றன. ஆயினும் சட்டத்தமிழில் நிலைபெற்றது அத்துமீறலே. இங்கு ஆராயத்தக்கது அத்தொடரின் பிற்பாதி.

ஒருவர் நிலத்தில் அனுமதியின்றி நுழைந்த மற்றொருவர் அங்கே காயமுற்றால், நிலத்தின் அனுபோகதாரர் பொறுப்பாவாரா? ஆங்கிலச் சட்டம் இதற்கு நெடுங்காலம் எல்லையை மட்டுமே பார்த்து விடை கூறியது. கம்பியில் கால் பட்டதும் தானே வெடிக்கும் துப்பாக்கிகளைத் தோப்புகளில் வைப்பது அங்கு வழக்கமாயிருந்தது. அவை இருப்பதை அறிந்தே நுழைந்தவருக்கு இழப்பீடில்லை என்று 1820இல் தீர்ப்பாயிற்று. 1827இல் அவற்றை வைப்பது, இரவில் வீட்டைக் காப்பதற்கு நீங்கலாக, தடைசெய்யப்பட்டது. மறு ஆண்டு, வழிதவறிய மயிற்பேட்டைப் பிடிக்க ஒரு பூந்தோட்டத்தின் சுவரேறிக் குதித்துச் சுடப்பட்ட இளைஞன் இழப்பீடு பெற்றான். எச்சரிக்கைப் பலகை வைக்கப்படாமையே அவ்வழக்கின் திருப்பம். 1929இல் பிரபுக்கள் சபை மீண்டும் இறுகியது: நிலக்கரிச் சுரங்கத்தின் சக்கரத்தில் சிக்கி மாண்ட நான்கு வயதுக் குழந்தையும் அதன் பார்வையில் அத்துமீறி நுழைந்ததே. சிதைந்த வேலியின் வழியே இருப்புப்பாதையை அடைந்து மின்சாரத்தால் கருகிய ஆறு வயதுச் சிறுவனின் வழக்கில், 1972இல்தான் மனிதநேயக் கடமை என்ற ஒன்று ஒப்புக்கொள்ளப்பட்டது. அதற்குச் சட்டமன்றம் சட்டவடிவம் தந்தது 1984இல்.

இந்தியாவில் இதற்கெனத் தனிச்சட்டம் இல்லை. நீதிமன்றங்களே விதியை வகுத்தன. 1963இல் உச்சநீதிமன்றம் தீர்த்த பீகார் வழக்கு அவற்றுள் தலையாயது. சம்பாரண் மாவட்டத்தில் ஒரு பெண்ணின் வீட்டுக் கழிப்பிடச் சுவர் இடிந்து விழுந்தது. ஒரு வாரமாக அது பலர் பார்வைக்கும் திறந்து கிடந்தது. ஆகவே அவர் அண்டை வீட்டுக் கழிப்பிடத்தைப் பயன்படுத்தினார். அதை வெறுத்த வீட்டுக்காரர், தம் வீட்டு மின்னிணைப்பிலிருந்து உறையற்ற செப்புக்கம்பியை அங்கு இழுத்துவைத்தார். எச்சரிக்கை ஏதுமில்லை. உள்ளே செல்கையில் கம்பியில் படாத அப்பெண்ணின் கை வெளியே வருகையில் அதில் பட்டது, அவர் உயிரிழந்தார்.

இறந்தவர் அத்துமீறி நுழைந்தவர் என்பதே எதிரியின் முதன்மையான வாதம். தமிழகத்தைச் சேர்ந்த நீதிபதி என். ராஜகோபால அய்யங்கார் எழுதிய தீர்ப்பு அதை ஏற்கவில்லை. நுழைந்தவரை நேரே தாக்கும் உரிமை எவ்வாறு இல்லையோ, அவ்வாறே கடுங்காயம் விளைக்கும் என்றறிந்த ஒன்றை நிலத்தில் வைத்து மறைமுகமாகத் தாக்கும் உரிமையும் இல்லை என்றது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவின்கீழ் வழங்கிய தண்டனை உறுதியாயிற்று. (2024 ஜூலை முதல் அப்பிரிவின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு உள்ளது.)

இனி 'மீறு' என்னும் வினை. தமிழில் ஆணையை மீறலாம், சொல்லை மீறலாம், வரம்பை மீறலாம். மீறுபவருக்கு மீறப்படுவது தெரிந்திருத்தல் வேண்டும். கன்று பயிரில் 'புகுந்தது', 'இறங்கிவிட்டது' என்பதே வழக்கு, 'மீறியது' என்பாரில்லை. பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த மூலச்சொல்லின் அடிப்பொருளோ கடந்து செல்லுதல். உரிமையியல் சட்டத்தில் எல்லையறியாது நுழைந்தவரும் அப்பெயருக்குரியவரே. தண்டனைச் சட்டத்தின் 441ஆம் பிரிவுதான் குற்றம் புரிதல், அச்சுறுத்தல், அவமதித்தல், தொல்லைப்படுத்தல் ஆகிய நோக்கங்களுள் ஒன்றை வேண்டியது. அதனைப் பெயர்க்க 'அத்துமீறல்' பொருந்தும். அதே சொல்லை உரிமையியலுக்கும் எடுத்தாண்டபோது, ஆங்கிலத்தில் இல்லாத குற்றச்சாயல் நுழைந்தவர்மேல் ஏறிவிட்டது. 'அத்துமீறி நுழைவோர் தண்டிக்கப்படுவர்' என்னும் பலகையும் இவ்வாறே சட்டம் சொல்லாததைச் சொல்கிறது. வெறும் நுழைவு பெரும்பாலும் தண்டனைக்குரியதன்று.

இது சொல்லாராய்ச்சியோடு நிற்பதன்று. பாராமகாலின் பகுதியாயிருந்த இன்றைய தருமபுரி மாவட்டத்தில், மாரண்டஹள்ளி அருகே, 2023 மார்ச்சில் சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் மடிந்தன. அவ்வாண்டே தமிழக அரசு மின்வேலிகளைப் பதிவுசெய்வதற்கு விதிகள் வகுத்தது. இத்தகைய வேலிகளில் மனிதரும் மடிகின்றனர். இருளில் வரப்பில் நடந்தவரைச் செய்தியும் வழக்குரையும் 'அத்துமீறியவர்' என எழுதும்போது, கம்பி கட்டியவரின் வாதத்தில் பாதி பெயரிலேயே முடிந்துவிடுகிறது. காயத்துக்குரிய பொறுப்பை ஆராயுமிடத்து 'அனுமதியின்றி நுழைந்தவர்' என்று எழுதுவதே தகும். சம்பாரண் பெண் செய்ததும் அவ்வளவே.