உயர் இரத்த அழுத்தச் சொற்கூறுகள்

உயர் இரத்த அழுத்தம் தொடர்பாக மருத்துவச் சீட்டுகளிலும் பரிசோதனை அறிக்கைகளிலும் வரும் கலைச்சொற்கள் பெரும்பாலும் கிரேக்க, இலத்தீன் முன்னொட்டுகள், வேர்கள், பின்னொட்டுகளால் ஆனவை.

நோயின் பெயர்

‘ஹைப்பர்டென்ஷன்’ இருமொழிக் கலப்பு. ‘ஹைப்பர்’ என்னும் கிரேக்க முன்னொட்டு மிகுதியைக் குறிக்கும். ‘டென்ஷன்’ இழுப்பு, விறைப்பு எனப் பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. பேச்சுத் தமிழில் டென்ஷன் என்றால் மனப்பதற்றம். நோயின் பெயரில் அது தமனிக்குள் உள்ள இரத்த அழுத்தம். பதற்றமே இல்லாதவருக்கும் இந்நோய் இருக்கலாம். குறைவைச் சுட்டும் ‘ஹைப்போ’ முன்னே வந்தால் ‘ஹைப்போடென்ஷன்’, அதாவது தாழ் இரத்த அழுத்தம்.

அளவீடு

140/90 என்பதில் முதல் எண் சிஸ்டோலிக், அடுத்தது டயஸ்டோலிக். ‘சிஸ்டோல்’ இதயம் சுருங்குவது, ‘டயஸ்டோல்’ விரிவது. அளக்கும் கருவி ஸ்பிக்மோமானோமீட்டர்: ‘ஸ்பிக்மோஸ்’ நாடித்துடிப்பு, ‘மானோமீட்டர்’ அழுத்தமானி. கைப்பட்டையுள்ள கருவியை இத்தாலியின் சிப்பியோனே ரிவா-ரோச்சி 1896இல் அறிமுகப்படுத்தினார். பட்டைக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, ஒலி தொடங்கும்போதும் மறையும்போதும் இரு எண்களையும் குறிக்கும் முறையை ரஷ்ய மருத்துவர் நிக்கோலாய் கொரோட்கோவ் 1905இல் வெளியிட்டார்.

உறுப்பும் பாதிப்பும்

‘கார்டியோ’ இதயம், ‘நெஃப்ரோ’ சிறுநீரகம், ‘ஆஞ்சியோ’வும் ‘வாசோ’வும் இரத்தக்குழாய். ‘பதி’ என முடிந்தால் நோய், ‘ஸ்கிளீரோசிஸ்’ என முடிந்தால் இறுக்கம். நீண்டநாள் அழுத்தத்தால் விழித்திரை கெடுவது ரெட்டினோபதி; சிறுநீரகம் கெடுவது நெஃப்ரோபதி; தமனிச் சுவர் தடித்து இறுகுவது ஆர்ட்டீரியோஸ்கிளீரோசிஸ்.

இரத்தக்குழாயைச் சுருக்கி அழுத்தத்தை உயர்த்தும் ‘ஆஞ்சியோடென்சின்’ ஒரு சமரசப் பெயர். அர்ஜென்டினா ஆய்வாளர்கள் அதை ‘ஹைப்பர்டென்சின்’ என்றும் அமெரிக்க ஆய்வாளர்கள் ‘ஆஞ்சியோடோனின்’ என்றும் அழைத்துவந்தனர். இரண்டிலும் பாதி எடுத்து 1958இல் பொதுப்பெயர் முன்மொழியப்பட்டது.

மருந்துப் பெயர்கள்

மருந்துகளின் பொதுப்பெயர்களுக்கான ஈறுகளை உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது.

- ‘பிரில்’ (எனலாபிரில், ராமிபிரில்): ஆஞ்சியோடென்சின் உருவாவதைக் குறைப்பவை.
- ‘சார்டன்’ (லோசார்டன், டெல்மிசார்டன்): அது செயல்படும் ஏற்பிகளைத் தடுப்பவை.
- ‘டிபின்’ (அம்லோடிபின், நிஃபெடிபின்): குழாய்த் தசைக்குள் கால்சியம் புகுவதைக் குறைத்துக் குழாயைத் தளர்த்துபவை.
- ‘ஓலால்’ (அட்டெனோலால், மெட்டோபிரோலால்): பீட்டா ஏற்பிகளைத் தடுத்து இதயத்துடிப்பைக் குறைப்பவை.

நிறுவனத்துக்கு நிறுவனம் வணிகப்பெயர் மாறினாலும் மாத்திரை அட்டையில் அச்சாகும் பொதுப்பெயரின் ஈறு மாறாது. இரு மாத்திரைகள் ஒரே வகையா என்பதை அதைக் கொண்டே அறியலாம். எந்த அளவில் உட்கொள்வது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.