அமெரிக்கக் குடியேற்றக் காலப் போதகர்களும் வேதாகமத் துணைநூல்களும்

வேதாகமத்தின் ஒரு சொல் எந்தெந்த வசனங்களில் வருகிறது என்று அகர வரிசையில் காட்டும் நூல் சொல்லடைவு. ‘கன்கார்டன்ஸ்’ என்றால் போதகர்களுக்கு உடனே விளங்கும். போதகர் சாமுவேல் நியூமன் (1602–1663) தொகுத்த பெரிய சொல்லடைவு 1643-இல் லண்டனில் அச்சானது. மறு ஆண்டு அவரும் சபையாரும் அமெரிக்காவில் ஓர் ஊரை உருவாக்கி, ஆதியாகமத்திலிருந்து ரெகொபோத் என்ற பெயரை எடுத்து வைத்தார்கள். அங்கே அவர் பைன் மர முடிச்சுகளை எரித்து, அந்த வெளிச்சத்தில் நூலைத் திருத்தினாராம். 1737-இல் அலெக்சாண்டர் க்ரூடனின் சொல்லடைவு வந்ததும் நியூமனின் உழைப்பு மங்கிப்போனது.

 பாஸ்டன் போதகர் காட்டன் மேதரின் கனவு இன்னும் பெரியது. 1693-இல் ‘பிப்ளியா அமெரிக்கானா’ என்ற விரிவுரையைத் தொடங்கி, 1728-இல் இறக்கும்வரை எழுதிக் குவித்தார். யூத ரபிகளின் விளக்கமும் அக்கால அறிவியலும் அதில் கலந்து கிடக்கின்றன. 1705-இல் நியூயார்க் பகுதியில் கிடைத்த ராட்சதப் பல்லை, ஜலப்பிரளயத்துக்கு முன் வாழ்ந்த இராட்சதரின் பல் என்றே அவர் நம்பினார். அது மாஸ்டடான் என்ற அழிந்துபோன யானையின உயிரியின் பல்!

சந்தாதாரர் கேட்டு விளம்பரம் செய்தும் பயனில்லை. 4,500 பக்கங்களுக்கு மேற்பட்ட கையெழுத்துப் படி அச்சேறாமலே கிடந்தது. ஜெர்மனியின் மோர் ஸீபெக் பதிப்பகம் 2010-இல்தான் அதை வெளியிடத் தொடங்கியது.

தமிழர்களுக்கு மேதர் முற்றிலும் அந்நியரல்லர். தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்குக்கு அவர் கடிதம் எழுதினார். 1719-இல் சீகன்பால்கு இறந்துவிட, பதில் எழுதியவர் உடன் ஊழியர் க்ருண்ட்லர். 1721-இல் பாஸ்டனில் வெளியான மேதரின் ‘இந்தியா கிறிஸ்டியானா’வில் இக்கடிதங்கள் உள்ளன.

அதே ஆண்டு பெரியம்மைக்கு எதிராக அம்மை குத்துவதை மேதர் ஆதரித்தார். அந்த முறையை அவருக்குச் சொன்னவர், அவர் வீட்டில் அடிமையாக இருந்த ஆப்பிரிக்கரான ஒனேசிமஸ். முறை பலரைக் காத்தது. ஆனால் இன்னொரு போதகரான ஜொனாதன் எட்வர்ட்ஸைக் காக்கவில்லை. நியூஜெர்சி பிரின்ஸ்டன் கல்லூரியின் தலைவராகப் பொறுப்பேற்ற சில வாரங்களில், அம்மை குத்திக்கொண்டதன் விளைவாக 1758 மார்ச் 22-இல் அவர் இறந்தார்.

வெற்றுத் தாள்கள் இடையிட்டுக் கட்டிய ஒரு வேதாகமம் 1730-இல் மைத்துனர் வழியாக எட்வர்ட்ஸுக்குக் கிடைத்திருந்தது. அதில் அவர் எழுதிய 5,000-க்கும் மேற்பட்ட குறிப்புகளை 2006-இல் யேல் பல்கலைக்கழகம் இரு புத்தகங்களாக வெளியிட்டது.