மறுத்தலும் இல்லாததாக்கலும்: ஓர் ஆங்கில வினையின் வரலாறு

மொழிபெயர்ப்பு வகுப்புகளில் நான் பலமுறை திருத்த நேர்ந்த தொடர் ஒன்று உண்டு: 'கனமழை உழவரின் உழைப்பை மறுத்தது.' மூலத்தில் இருந்த வினை 'நெகேட்'. அதற்கு 'மறு' என்று பொருள் கொண்ட மாணவர் அப்படியே எழுதிவிட்டார். மறுப்பதற்கு வாய் வேண்டும். மழைக்கு ஏது வாய்?

மாணவரை மட்டும் குறைசொல்லுதல் தகாது. பிழையின் வித்து அவ்வினையின் வரலாற்றிலேயே இருக்கிறது. இலத்தீனத்தில் 'நெகாரே' என்றால் 'இல்லை என்று சொல்லுதல்'. அது கூற்றுவினை. முன்னொட்டுப் பெற்ற 'டெனெகாரே' என்னும் வடிவம் பிரெஞ்சு மக்களின் நாவில் தேய்ந்து, 1300ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலத்தில் 'டினை' ஆயிற்று. 'நெகேட்' வந்ததோ கற்றோரின் ஏட்டு வழியாக. 'நெகேஷன்' என்னும் பெயர் 15ஆம் நூற்றாண்டிலேயே வழங்க, வினை 17ஆம் நூற்றாண்டில் அரிதாகத் தலைகாட்டி, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் வழக்கில் ஊன்றியது. பெயர் முந்தி வினை பிந்துவது ஆங்கிலத்தில் புதுமையன்று.

ஒரே வேரிற் பிறந்த இவ்விரண்டனுள் மூத்தது பெரும்பாலும் இன்றும் பேசுகிறது. இளையது கூற்றிலிருந்து விளைவுக்கு நகர்ந்துவிட்டது; ஆகவே உயிரற்ற பொருளும் அதற்கு எழுவாயாகலாம். குற்றச்சாட்டை ஒருவர் மறுக்கிறார். மழை உழைப்பைப் பயனற்றதாக்குகிறது. தமிழில் இவற்றை ஒரே சொல்லால் பெயர்த்தல் பொருந்தாது.

மூன்றாவதாக 'நல்லிஃபை' என்னும் வினையும் உண்டு. பேச்சும் விளைவும் மட்டும் இதற்குப் போதா, அதிகாரமும் வேண்டும். அமெரிக்க வரலாறு இதற்கு நல்ல சான்று. கூட்டாட்சி அரசின் 1828, 1832ஆம் ஆண்டுச் சுங்கவரிச் சட்டங்கள் தன் எல்லைக்குள் செல்லா என்று தென் கரோலினா மாநிலப் பேரவை 1832 நவம்பர் 24 அன்று ஆணையிட்டது. சட்டத்தின் நியாயத்தை மறுப்பவன் சட்டத்தை நிற்கவிட்டுத்தான் மறுக்கிறான். அம்மாநிலமோ சட்டமே இல்லை என்றது. இல்லாததாக்கும் அதிகாரம் எந்த மாநிலத்துக்கும் கிடையாது என்று அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் டிசம்பர் 10 அன்று அறிக்கை விடுத்தார். பூசல் முழுவதும் ஒரு வினைக்கு உரிய எழுவாய் யார் என்பதைப் பற்றியதே என்று இலக்கணம் கற்றவன் சொல்லத் துணியலாம்.

1833 மார்ச்சில் வரிக்குறைப்பு உடன்பாடு பிறந்தது. பேரவை மீண்டும் கூடித் தன் ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனால் வரி தண்டப் படையை ஏவ அதிபருக்கு இசைவளித்த புதிய சட்டத்தை, கலையும் முன், அதே வினையால் செல்லாததாக்கிவிட்டே கலைந்தது.