பிறர் இழப்பு நம் பேறாகுமா?

ஒருவன் பெற்றது மற்றொருவன் இழந்ததே என்னும் எண்ணம் மனித சமுதாயத்திற் பழமையானது. அது செல்வத்தைப் பங்கிட வேண்டிய ஒரு பானைச் சோறாகவே காண்கின்றது. வாணிபமோ நம்பிக்கையின்மேல் நிற்பது. பானையையே பெரிதாக்க வல்லது. இவ்வேறுபாட்டைக் கொழும்பின் வரலாறு தெளிவுற உணர்த்துகின்றது.

குடியேற்ற ஆட்சிக் காலத்தில் பிரித்தானிய வங்கிகள் உள்நாட்டு வணிகர்க்கு நேரே கடன் கொடுக்கப் பெரும்பாலும் தயங்கின. அவ்விடைவெளியை நிரப்பியோர் நாட்டுக்கோட்டைச் செட்டியார். வங்கிகளிற் பெற்ற பணத்தையும் தம் முதலையும் அவர்கள் செட்டியார் தெருவிலிருந்து கூடிய வட்டிக்கு வழங்கினர். பல்வேறு இன வணிகரும் தெங்குத் தோட்ட உடைமையாளரும் அக்கடனை நாடினர். 1929 இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தின்போது கடன்கள் முறிந்தன, ஈட்டு நிலங்கள் கைமாறின, மனக்கசப்பு மிகுந்தது. எனினும் அன்று காணப்பட்ட பரிகாரம் ஆக்கபூர்வமானது. 1934 ஆம் ஆண்டின் வங்கி ஆணைக்குழு அறிக்கையைத் தொடர்ந்து, 1939 இல் இலங்கை வங்கி தோன்றியது. கடன் பெறுவதற்குப் புதிய வாயிலொன்று திறந்தது. அதற்காக எவருடைய கடையும் எரியவில்லை. ஆயினும் அதே ஆண்டில் அரச திணைக்களங்களின் இந்திய நாட்கூலியாளர் பலர் விலக்கப்பட்டமை, பழைய எண்ணம் மறைந்துவிடவில்லை என்பதற்குச் சான்றாகும்.

1977 இன் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபோது வணிகப் போட்டி கூர்மையடைந்தது. 1983 யூலை 23 ஆம் திகதி இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 படையினர் கொல்லப்பட்டனர். மறுநாள் பொரளையில் மூண்ட வன்செயல் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை எங்கும் பரவியது. வாக்காளர் இடாப்புகளைக் கையிலேந்திய கும்பல்கள் தமிழர் வீடுகளையும் கடைகளையும் தேடித் தீயிட்டன. இரத்மலானையில் தொழிற்சாலைகளும் எரிந்தன. நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர், சில மதிப்பீடுகள் ஆயிரத்தையும் கடந்தன.

இதனால் ஆதாயம் பெற்றவர் யார்? தமிழரின் தொழிற்சாலைகள் அழிந்தபோது, அவற்றில் உழைத்த சிங்களத் தொழிலாளரும் வேலையிழந்தனர். 1982 இல் நான்கு இலட்சத்தைக் கடந்திருந்த உல்லாசப் பயணிகளின் வருகை, தொடர்ந்த போரினிடையே 1987 இல் இரண்டு இலட்சத்திற்குக் கீழே வீழ்ந்தது. முதலும் கல்வியும் உடையோர் பலர் இலண்டனுக்கும் தொறொன்ரோவுக்கும் பெயர்ந்தனர்.

வெள்ளவத்தையிற் காலி வீதிக் கடைகள் பின்னர் மீண்டெழுந்தன. ஆயின் நாளை ஓட நேரலாமென அஞ்சும் வணிகன் இயந்திரத்தில் முதலிடான். எடுத்துச் செல்லக்கூடிய பொன்னையே நாடுவான். அவ்வச்சத்தினாலே தொடங்கப்படாது போன தொழில்கள் எந்த இழப்பீட்டுக் கணக்கிலும் ஏறவில்லை. அவற்றில் வேலை பெற்றிருக்கக்கூடியவரோ எல்லா இனத்தாரும் ஆவர்.