வங்கி இயக்குநர் குழுவின் கண்காணிப்புக் கடமை: தாமிரபரணிக் கரையில் ஒரு வரலாறு

வங்கியின் இயக்குநர் குழு என்பது, பங்குதாரர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு, வங்கியின் கொள்கைகளை வகுக்கவும் நிர்வாகத்தைக் கண்காணிக்கவும் பொறுப்பேற்ற குழு ஆகும். கணக்கு எழுதுவதும் நகைக்கு எடை போடுவதும் கடன் வசூலிப்பதும் அலுவலர்களின் வேலை. யாருக்கு எந்த அளவு வரை கடன் கொடுக்கலாம், கொடுத்த கடன் திரும்பி வருகிறதா, தணிக்கையாளர் சுட்டிய குறைகள் சரி செய்யப்பட்டனவா, தலைமை அலுவலர் தகுதியானவரா என்று கேட்பதே இயக்குநர்களின் வேலை. தாமிரபரணிப் பாசனத்தில் மடையைத் திறந்து மூடுபவர் ஒருவர், எந்தக் காலுக்கு எத்தனை நாள் தண்ணீர் என்று முடிவு செய்து அது நடக்கிறதா என்று பார்ப்பவர் வேறொருவர். ஏறத்தாழ அதே வேறுபாடுதான் இங்கும்.

ஆனால் வங்கியில் மற்ற கம்பெனிகளில் இல்லாத ஒரு சிக்கல் உண்டு. ஒரு நூற்பாலையின் பணம் பெரிதும் அதன் பங்குதாரர்களுடையது. வங்கியில் புழங்கும் பணத்தில் பங்குதாரர்கள் போட்டது சிறு பகுதியே. மிகப் பெரும்பகுதி, சேமிப்புக் கணக்கிலும் நிலையான வைப்பிலும் பொதுமக்கள் போட்டு வைத்த பணம். பங்குதாரருக்கு வாக்குரிமை உண்டு, வைப்பாளருக்கு வாக்கு இல்லை. அப்படியானால், பங்குதாரர் தேர்ந்தெடுத்த இயக்குநர் யாருடைய பணத்துக்குக் காவல்? இந்தியாவின் வங்கிச் சட்டங்களில் பாதி, இந்த ஒரு கேள்விக்கு விடை தேடியதன் விளைவு என்று சொல்லலாம். அந்தத் தேடலின் பல கட்டங்களைத் திருநெல்வேலிச் சீமையிலேயே காண முடிகிறது.

கல்வெட்டுகளில் பொதுப்பணமும் சபையும்

பிறர் பணத்தைக் கூடிப் பாதுகாக்கும் வழக்கம் இப்பகுதிக்குப் புதிதல்ல. திருச்செந்தூர்க் கோயிலில் உள்ள பாண்டியன் வரகுணனின் கல்வெட்டு (9ஆம் நூற்றாண்டு) கோயில் செலவுகளுக்காக 1400 காசு கொடுக்கப்பட்டதைச் சொல்கிறது. அந்தக் காசு கோயில் பெட்டியில் வைத்துப் பூட்டப்படவில்லை. கொற்கை, வரகுணமங்கலம் உள்ளிட்ட ஊர்களின் சபைகளிடமும் ஊராரிடமும் பிரித்து ஒப்படைக்கப்பட்டது. முதல் குறையாமல் இருக்க வேண்டும்; அதற்கு வட்டியாக ஆண்டுதோறும் நெல் அளக்க வேண்டும். வைப்புத்தொகை என்று நாம் இன்று சொல்வதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. பொறுப்பேற்றது தனி ஒருவர் அல்ல, ஊர்ச்சபை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்தச் சபையில் யார் உட்காரலாம்? திருநெல்வேலிக்கு வடக்கே உள்ள மானூர்க் கல்வெட்டு இதற்கு விடை தருகிறது. மாறஞ்சடையன் என்ற பாண்டியனின் 35ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.பி. 800ஐ ஒட்டி வெட்டப்பட்டது. ஊரில் பங்கு உடையவராக இருந்தால் மட்டும் போதாது, கல்வியும் நல்லொழுக்கமும் வேண்டும் என்று அது விதிக்கிறது. இன்னொரு விதியும் உண்டு. சபையில் எதைக் கொண்டு வந்தாலும் ‘அன்று, அன்று’ என்று மறித்துக்கொண்டே இருப்பவருக்கும், அவருக்குத் துணை போகிறவருக்கும் ஐந்து காசு தண்டம். உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாடநூலில் படிக்கும் நம் மாணவர்கள், அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முந்திய மானூர்க் கல்வெட்டையும் படிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மானூர்ச் சபை பிராமண நிலவுடைமையாளர்களின் சபை. எல்லாருக்கும் அதில் இடமில்லை. அதை இன்றைய வங்கிக் குழுவுக்கு முன்னோடி என்று பெருமை பேசுவது வரலாறு ஆகாது. பொதுப்பணத்தையும் பொதுக்காரியத்தையும் கையாளுபவருக்குத் தகுதி விதிக்க வேண்டும் என்ற எண்ணம் பழையது என்ற அளவில் நிறுத்திக்கொள்வோம்.

கம்பெனிக் காலம்

1906 அக்டோபரில் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனாரின் முயற்சியால் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் பத்து லட்சம் ரூபாய், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பங்கு, இயக்குநர், செயலாளர் போன்ற சொற்கள் நம் வட்டாரத்துச் சாதாரண மக்களின் காதுக்கு எட்டியது அப்போதுதான். அதே மாதத்தில் சென்னையில் அர்பத்நாட் வங்கி முறிந்தது. அது சில கூட்டாளிகள் நடத்திய நிறுவனம். கேள்வி கேட்க இயக்குநர் குழு என்று ஒன்று அதற்கு இல்லை. ஓய்வூதியம் வாங்கியோரும் கைம்பெண்களும் போட்டிருந்த சேமிப்பு போயிற்று. சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைத் தண்டனை பெற்றார். இந்தப் பட்டறிவிலிருந்துதான் 1907இல் சென்னையில் இந்தியன் வங்கி தோன்றியது.

திருநெல்வேலியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சவுத் இந்தியா வங்கி என்ற ஒன்று தொடங்கியது. (திருச்சூரில் உள்ள சவுத் இந்தியன் வங்கி வேறு, பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.) இது பின்னாளில் பேங்க் ஆஃப் தமிழ்நாடு என்று பெயர் பெற்றது.

அடுத்தது நாடார் வங்கி. 1920இல் நாடார் மகாஜன சங்கத்தின் கூட்டத்தில் இதற்கான எண்ணம் முன்வைக்கப்பட்டது. 1921 மே 11 அன்று பதிவாகி, நவம்பர் 11 அன்று தூத்துக்குடி தெற்கு ராஜா தெருவில் திறக்கப்பட்டது. எம்.வி.சண்முகவேல் நாடார் முதல் தலைவர். தூத்துக்குடி அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. தனி மாவட்டமானது 1986இல். 1937இல் கொழும்பில் ஒரு கிளையைத் திறந்து இரண்டே ஆண்டில் மூடினார்கள். இந்தியா விடுதலை பெற்ற ஆண்டில் தூத்துக்குடி, மதுரை, சிவகாசி, விருதுநகர் என நான்கு கிளைகள் மட்டுமே இருந்தன. 1962 நவம்பரில் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது.

இத்தகைய வட்டார வங்கிகளில் இயக்குநர்கள் ஊரறிந்த வணிகர்கள். கடன் கேட்பவரின் கடை, குடும்பம், நாணயம் எல்லாம் அவர்களுக்கு நேரில் தெரியும். எந்த அறிக்கையும் தராத தகவல் அது. அதுவே ஆபத்தும் ஆகும். சம்பந்தி வீட்டாருக்கோ சந்தையில் தினமும் பார்க்கும் கூட்டாளிக்கோ ‘உங்களுக்கு இந்தக் கடன் தர முடியாது’ என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? ‘நம்ம வங்கி’ என்ற உணர்வு வைப்புகளைக் கொண்டு வந்து சேர்க்கும். கண்காணிப்பை அது மட்டும் செய்துவிடாது.

முறிவுகள் எழுதிய சட்டம்

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் நடந்த முறிவு ஒன்று இந்தியா முழுவதையும் உலுக்கியது. திருவிதாங்கூர் நேஷனல் வங்கியும் குயிலான் வங்கியும் 1937இல் இணைந்தன. இணைந்த வங்கி 1938 ஜூனில் கதவடைத்தது. 1935இல்தான் பணியைத் தொடங்கியிருந்த ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்கெனத் தனிச் சட்டம் வேண்டும் என்ற முன்மொழிவை அடுத்த ஆண்டே அரசுக்கு அனுப்பியது. போர் குறுக்கிட்டது. சட்டம் வந்து சேர 1949 ஆயிற்று.

1949ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் பிரிவுகளைப் படிக்கும்போது, ஒவ்வொன்றின் பின்னாலும் ஏதோ ஒரு வங்கியின் கதை இருப்பது தெரியும். 20ஆம் பிரிவு வங்கி தன் இயக்குநர்களுக்குக் கடன் கொடுப்பதைத் தடுக்கிறது. தன் சொந்தப் பங்குகளை ஈடாக வைத்துக்கொண்டு கடன் கொடுப்பதும் கூடாது. 16ஆம் பிரிவு ஒருவரே இரண்டு வங்கிகளில் இயக்குநராக இருப்பதற்கு எதிரானது. 35ஆம் பிரிவு ரிசர்வ் வங்கிக்கு ஆய்வு செய்யும் அதிகாரம் அளிக்கிறது.

1960இல் பாலாய் சென்ட்ரல் வங்கி விழுந்தது. அதன் பின் வைப்புகளுக்குக் காப்பீடு வந்தது. 1962 ஜனவரி முதல் ஒருவருக்கு ஒரு வங்கியில் 1500 ரூபாய் வரை பாதுகாப்பு. இன்று அந்த வரம்பு 5 லட்சம்.

1968இல் செய்த திருத்தம்தான் இயக்குநர் குழுவின் அமைப்பையே மாற்றியது. அப்போது சேர்க்கப்பட்ட 10ஏ பிரிவின்படி, குழுவில் 51 விழுக்காட்டுக்குக் குறையாதவர்கள் கணக்கியல், வேளாண்மை, வங்கியியல், கூட்டுறவு, பொருளியல், சட்டம், சிறுதொழில் போன்ற துறைகளில் தனி அறிவோ பட்டறிவோ உள்ளவர்களாக இருக்க வேண்டும். வேளாண்மை, கூட்டுறவு, சிறுதொழில் அறிந்தவர் இருவராவது இருந்தே ஆக வேண்டும். பெரிய தொழில் நிறுவனங்களில் கணிசமான நலன் உள்ளவர்களை அந்தப் பெரும்பான்மையில் சேர்த்து எண்ணக்கூடாது. ஆலை முதலாளிகளே வங்கிகளையும் வைத்திருந்த காலத்தை முடிப்பது இதன் நோக்கம். மறு ஆண்டே 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையானதால் இத்திருத்தம் பலர் நினைவில் இல்லை. நாட்டுடைமையாகாத சிறு வங்கிகளில் இது இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

இவை போதாத இடத்தில், ஓர் இயக்குநரை நீக்கவும் (36ஏஏ), கூடுதல் இயக்குநர்களை அமர்த்தவும் (36ஏபி) ரிசர்வ் வங்கிக்கு அதிகாரம் உண்டு. குழுவையே விலக்கி வைக்கும் அதிகாரம் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது.

இரு வங்கிகள், இரு முடிவுகள்

திருநெல்வேலியின் பேங்க் ஆஃப் தமிழ்நாடு 1990 பிப்ரவரி 20 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியுடன் இணைக்கப்பட்டது. அதே நாளில் தஞ்சாவூர் வங்கி இந்தியன் வங்கியுடனும், பரூர் சென்ட்ரல் வங்கி பேங்க் ஆஃப் இந்தியாவுடனும் இணைந்தன. வைப்பாளரின் பணம் புதிய வங்கிக்கு மாறியது. திருநெல்வேலியில் கூடி முடிவெடுத்த குழு இல்லாமல் போயிற்று. இதைப் பற்றி நம் ஊரில் எழுதியவர்கள் மிகக் குறைவு. பழைய பாஸ்புக்குகள் சில வீடுகளில் இன்னும் இருக்கக்கூடும்.

தூத்துக்குடி வங்கியின் கதை வேறு. 1990களின் நடுவில் அதன் பங்குகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை எஸ்ஸார் குழுமம் வாங்கியது. பின் அவை தொழிலதிபர் சி.சிவசங்கரன் தரப்புக்குச் சென்றன. தென் மாவட்டங்களில் பெரிய எதிர்ப்பு எழுந்தது. பங்குகளைத் திரும்ப வாங்க நாடார் சமுதாய அமைப்புகள் பணம் திரட்டின.

மூன்றில் இரண்டு பங்கு வைத்திருப்பவர் தாம் விரும்பியவரை இயக்குநராக்க முடியாதா என்று மாணவர்கள் கேட்கலாம். சாதாரணக் கம்பெனியில் முடியும். வங்கியில் முடியாது. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவரின் வாக்கு மொத்த வாக்கில் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது அப்போதைய விதி. பின்னர் 26 விழுக்காடு வரை உயர்த்த வழி செய்தார்கள். குறிப்பிட்ட அளவுக்கு மேல் பங்கு கைமாறுவதற்கே ரிசர்வ் வங்கியின் ஒப்புதல் வேண்டும். பணம் கொடுத்துப் பங்கை வாங்கலாம், மற்றவர் வைப்பின் மீதான அதிகாரத்தை அப்படியே வாங்கிவிட முடியாது என்பதுதான் இதன் பொருள். தெருவில் எழுந்த முழக்கம் ‘வங்கி நம் சமுதாயத்தது’ என்பது. சட்டம் கேட்டதோ, வாங்குபவர் தகுதியும் நேர்மையும் உடையவரா என்பதை மட்டும்தான். இரண்டும் ஒரே பக்கம் நின்றது தற்செயல் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வழக்குகள் நீண்டன. ஆண்டுப் பொதுக்கூட்டங்கள் தடைப்பட்டன. ரிசர்வ் வங்கி கூடுதல் இயக்குநர்களை அமர்த்தியது. இதற்கொரு விலையும் இருந்தது. அங்கீகரிக்கப்பட்ட மூலதனத்தில் பாதிக்குக் குறையாமல் பங்குகள் விற்கப்பட்டிருக்க வேண்டும் என்பது 12ஆம் பிரிவு. இவ்வங்கியின் அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் 500 கோடி ரூபாய், விற்றிருந்த பங்குகளின் மதிப்பு 142 கோடி சொச்சம். அதனால் 2020இல் முன் ஒப்புதல் இன்றிப் புதிய கிளை திறக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி தடுத்தது. இலாபத்தில் ஓடிய வங்கிக்குத்தான் இந்த நிலை. 2022 செப்டம்பரில் பங்கு ஒன்று 510 ரூபாய் வீதம் ஏறத்தாழ 808 கோடி ரூபாய்க்குப் பொது வெளியீடு செய்து, வங்கி பங்குச் சந்தையில் இடம்பெற்றது.

அதே காலத்தில் கரூரில் 1926இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கிக்கு நேர்ந்ததை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2020 செப்டம்பர் 25 பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்கள் ஏழு இயக்குநர்களை வாக்களித்து வெளியேற்றினார்கள். மூன்று இயக்குநர் கொண்ட குழு ஒன்று நிர்வாகத்தைப் பார்த்தது. நவம்பர் 17 அன்று பணம் எடுக்கக் கட்டுப்பாடு வந்தது. பத்து நாளில் வங்கி டிபிஎஸ் வங்கியின் இந்திய நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது. வைப்பாளர் தப்பினர். பங்குதாரரின் முதலீடு முழுவதும் அழிந்தது. வாக்குரிமையைப் பங்குதாரர்கள் பயன்படுத்தத்தான் செய்தார்கள், ஆனால் வாராக்கடன் மலையாகக் குவிந்த பிறகு.

2021 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகளின்படி, குழுவின் தலைவர் சுயேச்சை இயக்குநராக இருக்க வேண்டும். தணிக்கைக் குழுவில் நிர்வாகப் பொறுப்பில் உள்ள எவரும் இடம்பெறக்கூடாது. நிர்வாகப் பொறுப்பில்லாத இயக்குநருக்கு வயது வரம்பு 75. பங்குச் சந்தையில் உள்ள வங்கி ஒவ்வொன்றும் ஆண்டறிக்கையில், எத்தனை குழுக் கூட்டங்கள் நடந்தன, எந்த இயக்குநர் எத்தனைக்கு வந்தார் என்ற அட்டவணையை வெளியிடுகிறது. வங்கியின் இணையதளத்தில் யாரும் அதைப் பார்க்கலாம். வணிகவியல் மாணவர்கள் தூத்துக்குடி வங்கியின் ஆண்டறிக்கையில் அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினால், எண்கள் நிறைந்த மற்றப் பக்கங்களும் மெல்லப் பிடிபடும்.