எல்லைக்கல் பெயர்ந்த கதை

அறிவின் இருப்பிடம் இதயமே என்றார் அரிஸ்டாட்டில். அன்பையும் அச்சத்தையும் துணிவையும் துரோகத்தையும் அந்தத் தசையின் கணக்கிலேயே எழுதிவைத்தனர் கவிஞர்கள். 1628இல் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி, அது இரத்தத்தை இறைத்து உடலெங்கும் சுற்றிவரச் செய்யும் உறுப்பு என்று ஆய்ந்து காட்டினார். கிணற்று ஏற்றம் போன்றதோர் இயக்கம்! ஏற்றம் பழுதானால் நிறுத்திச் சீர் செய்வோம். இதயத்தை எப்படி நிறுத்துவது? இரத்த ஓட்டம் நின்றால் சில நிமிடங்களில் மூளை அழியத் தொடங்குமே!

1896இல் ஸ்டீபன் பேஜட் என்ற ஆங்கில அறுவை மருத்துவர், இதய அறுவை இயற்கை வகுத்த எல்லையை எட்டிவிட்டது போலும் என்று எழுதினார். அவர் கல்லாதவருமல்லர், கயவருமல்லர், கற்றுத் தேர்ந்தவர். அதே ஆண்டில், ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் லுட்விக் ரேன், கத்திக்குத்துப்பட்ட ஒருவனின் இதயத்தைத் தைத்துப் பிழைக்க வைத்தார்! கற்றவர் நட்ட எல்லைக்கல்லும் பெயரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

எனினும், வெளிக்காயத்தைத் தைப்பது வேறு. இதயத்தைத் திறந்து உள்ளே கை வைப்பது வேறு. அதற்கு இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் சிறிது நேரம் பிறிதொன்று ஏற்க வேண்டும்.

1930களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனையில், நுரையீரல் நாளத்தை இரத்தக்கட்டி அடைத்த பெண்ணொருத்தி துடித்துக்கொண்டிருந்தாள். ஜான் கிப்பன் என்ற இளம் மருத்துவர் 17 மணி நேரம் அருகிருந்து நாடி பார்த்தார். இறுதியில் அறுவை நடந்தது. ஆனால் அவள் பிழைக்கவில்லை. “விதி” என்று சொல்லிவிட்டு உறங்கப் போயிருக்கலாம், கிப்பன். அவரோ, கறுத்த இரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜனேற்றி, மீண்டும் உடலுக்குள் செலுத்தினாலென்ன என்று எண்ணினார். மூத்தோர் பலர் ஊக்கமளிக்கவில்லை. துணை நின்றவர் அவர் மனைவி மேரி. ஆய்வுக்கூடத்தில் தோளோடு தோள் நின்று பொறியை உருவாக்கிய அந்தப் பெண்மணியை, கிப்பனைப் புகழும் ஏடுகள் பல மறந்துவிடுகின்றன, நாம் மறக்கலாகாது.

சோதனைக்குப் பூனை வேண்டும். மீன் துண்டும் சாக்குப்பையுமாக இரவில் தெருத்தெருவாய் அலைந்தார் கிப்பன்! 1935இல் பூனையொன்றின் இரத்த ஓட்டம் முழுவதையும் பொறியே தாங்கியது. குழாயில் இரத்தம் உறையாமலிருக்க உதவியது ஹெப்பாரின். 1916இல் ஜே மக்லீன் என்ற மருத்துவ மாணவர், இரத்தத்தை உறையவைக்கும் பொருளைத் தேடப்போய், உறையவிடாத பொருளைக் கண்டாரே, அது!

போர் வந்தது, பணி தடைப்பட்டது. மீண்டும் தொடங்கினார். 1953 மே 6 அன்று, பிலடெல்பியாவில், இதயத்தின் உட்சுவரில் ஓட்டையுள்ள 18 வயது நங்கையின் உயிரை 26 நிமிடங்கள் பொறி முழுதாய்த் தாங்க, கிப்பன் ஓட்டையைத் தைத்தார். அவள் வாழ்ந்தாள்!

இத்துடன் கதையை முடித்தால் அது புராணமாகிவிடும், வரலாறாகாது. அதற்கு முந்திய ஆண்டு ஒரு குழந்தை மாண்டது. வெற்றிக்குப் பின் அதே ஆண்டில் இரு சிறுமியர் மாண்டனர். கிப்பன் அறுவையை நிறுத்திக்கொண்டார். 1954இல் மினசோட்டாவில் வால்டன் லில்லிஹை, தந்தையின் இரத்தக் குழாயோடு குழந்தையின் குழாயை இணைத்து, மனித உடலையே பொறியாக்கினார். 1955இல் மேயோ மருத்துவமனையில் ஜான் கிர்க்லின், கிப்பனின் பொறியைத் திருத்தி எண்மருக்கு அறுவை செய்தார்; நால்வர் பிழைத்தனர். பாதிதான்! அந்தப் பாதியிலிருந்தே இன்றைய இதய அறுவை வளர்ந்தது.

அந்நாளையப் பொறிகளில் இரத்தம் காற்றை நேரே தொட்டது. சில மணி நேரத்தில் கெட்டது. இடையே மெல்லிய சவ்வு வைக்கும் முறை வந்தபின், பல நாள் தாங்க முடிந்தது. 1975இல் ராபர்ட் பார்ட்லெட், தாயால் கைவிடப்பட்ட பச்சிளம் குழந்தையை இம்முறையில் காத்தார். செவிலியர் அதற்கு இட்ட பெயர் எஸ்பெரான்சா, அதாவது நம்பிக்கை. இதுவே எக்மோ. 2016 டிசம்பரில் முதலமைச்சர் ஜெயலலிதா உயிருக்குப் போராடியபோது தமிழகமெங்கும் ஒலித்த சொல்.

எக்மோ மாயமல்ல, மருந்துமல்ல. நோயைத் தீர்க்காது, இதயமோ நுரையீரலோ தேறும்வரை, அல்லது மாற்றுறுப்பு கிட்டும்வரை, காலத்தைக் கடனாகத் தரும். தேறாத உடலை அது மீட்காது. கடவுளை மறுத்துவிட்டுப் பொறியைக் கடவுளாக்குவதும் மூடநம்பிக்கையே!

இன்னொன்றும் கேட்போம். இயற்கை நட்டதாகச் சொன்ன எல்லைக்கல்லை அறிவு பெயர்த்தது. பணம் நட்ட எல்லைக்கல்லை யார் பெயர்ப்பது? செல்வன் வீட்டு இதயத்துக்குக் கிடைக்கும் கடன்காலம், கூலிக்காரன் வீட்டு இதயத்துக்கும் கிடைக்க வேண்டாமா? அங்கே இயற்கையின் மீது பழிபோட இடமில்லை. அது நாம் செய்ய வேண்டிய அறுவை!