பெயர்தலும் பெயராமையும்

ஆயத்தொலைத் தளத்தில் ஒரு முக்கோணத்தைச் சுழற்றாமல், புரட்டாமல் வேறோர் இடத்தில் வைப்பதை இடப்பெயர்வு என்கிறோம். இச்சொல்லின் உயிர் 'பெயர்' என்னும் வினையில் இருக்கிறது.

பெயர்தல் என்றால் இருந்த இடம் விட்டு நீங்குதல், வேறாதல். தமிழ் வழங்கும் எல்லைக்கு அப்பாலுள்ள நிலத்தைச் சங்கப் பாடல்கள் 'மொழிபெயர் தேயம்' என்றன. தொல்காப்பிய மரபியல் வழிநூலின் நான்கு வகைகளுள் ஒன்றாக மொழிபெயர்ப்பைச் சேர்த்தது. அங்கே சொல் பெயர்கிறது, பொருள் நிற்கிறது. குருப்பெயர்ச்சியிலும் அப்படித்தான்: ராசி மாறுகிறது, குரு மாறுவதில்லை.

இடப்பெயர்வுக்கும் மொழிபெயர்ப்புக்கும் ஆங்கிலத்தில் வழங்கும் 'டிரான்ஸ்லேஷன்' லத்தீனிலிருந்து வந்தது. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் சுமந்து செல்லுதல் என்பது அதன் மூலப்பொருள். இடைக்கால ஐரோப்பாவில் புனிதர்களின் எலும்புகளை வேறு தேவாலயத்துக்கு எடுத்துச் செல்வதற்கும் அதுவே பெயர். எந்தத் திசையில், எவ்வளவு தூரம் என்று சொல்லும் வெக்டருக்கும் லத்தீனில் 'சுமப்பவர்' என்றே பொருள். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் அதைக் 'காவி' என்று அழகாக வழங்குகின்றன.

சொல்லுக்குரிய கருத்தும் பழையது. யூக்ளிட் தம் 'எலிமென்ட்ஸ்' நூலின் முதல் பகுதியில், நான்காம் தேற்றத்தில் ஒரு முக்கோணத்தை மற்றொன்றின் மேல் பொருத்திக் காட்டினார். ஆனால் நகர்த்துதல் என்றால் என்ன என்று வரையறுக்கவில்லை. 1637இல் தெக்கார்த்தே வடிவியலை இயற்கணிதத்தோடு இணைத்தபின், நகர்வை எண்களால் எழுத வழி பிறந்தது. 1872இல் கணிதவியலாளர் பெலிக்ஸ் கிளைன், உருமாற்றத்தின்போது மாறாமல் நிற்பவற்றை ஆராய்வதே வடிவியல் என்று அதன் நோக்கையே திருப்பினார்.

எது பெயர்கிறது, எது நிற்கிறது என்பதில்தான் மாணவரும் தடுமாறுகிறார்கள். (1, 1), (4, 1), (1, 3) ஆகிய முனைகளைக் கொண்ட முக்கோணத்தை வலப்புறம் 3, கீழே 2 அலகு பெயர்த்தால் (4, −1), (7, −1), (4, 1) கிடைக்கும். பலர் 3 அலகு என்பதைப் பழைய உருவின் வலது விளிம்புக்கும் புதிய உருவின் இடது விளிம்புக்கும் இடையே விடவேண்டிய வெளி என்று எண்ணி, புதிய உருவை 7இலிருந்து தொடங்குகிறார்கள். உண்மையில் பெயர்வது ஒவ்வொரு புள்ளியும். ஆகவே 1இல் இருந்த முனை 4க்கு வருகிறது; அதே 4இல் இருந்த முனை 7க்குப் போகிறது. செங்கோணத்தை அடுத்த பக்கங்கள் 3, 2 அலகுகளாகவே நிற்கின்றன. செங்கோணமும் செங்கோணமாகவே நிற்கிறது.

விதியை மட்டும் கற்ற பிள்ளை கூட்டிக் கழித்து விடையெழுதும். பெயர்வது எது, பெயராதது எது என்று கேட்கப் பழகிய பிள்ளை வடிவியலையே கற்கும். வகுப்பில் முதலில் எழவேண்டிய கேள்வி அதுவே.